மாப்பிள்ளைக்கு ஜுரம்

பயிற்சி வகுப்பில் உங்களுக்கு வைரஸைப் பற்றி எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எப்படித் தொற்றும், எப்போது தொற்றும், எந்த மாத்திரைக்கு அடங்கும் என்று படம் போட்டே காட்டியிருப்பார்கள். மாப்பிள்ளைகளைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பாடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் பொது சுகாதாரத்தில் மருத்துவ அலுவலராகச் சேர்ந்தவள். தென்சென்னையின் கொசு, கழிவுநீர், காலரா, டெங்கு, கொரோனா என்று எல்லாவற்றோடும் குடித்தனம் நடத்திவிட்டு, போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். இந்தக் கதை நடந்தபோது கொரோனா ஓய்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. மழை முடிகிற சமயத்தில் ஃப்ளூ காய்ச்சல் கிளம்பியது. மாஸ்க் போடுங்கள் என்றால், விவாகரத்தான கணவனைப் பார்ப்பதுபோல் ஜனங்கள் அதைப் பார்த்த காலம்.

எங்கள் பிரசாரமும் அப்படித்தான் இருந்தது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி மயிலாப்பூர் மாட வீதிகளில் சுற்ற விட்டோம். ‘சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் வீட்டிலேயே ஓய்வெடுங்கள்’ என்று பேசிப் பதிவு செய்த ஊழியருக்கே அன்று தொண்டை கட்டியிருந்தது. வாக்கியத்துக்கு ஒரு இருமல். அதை யாரும் வெட்டவில்லை. “முதல்ல அவரை ஆத்துக்கு அனுப்புங்கோ” என்று தெற்கு மாட வீதியிலிருந்து ஒருவர் போன் செய்தார்.

எங்கள் வேலை எளிமையானதுதான். தனியார் ஆஸ்பத்திரியில் ஒருவருக்குக் காய்ச்சல் உறுதியானால் தகவல் எங்களுக்கு வரும். நாங்கள் அவரைப் பிடித்து, அவரோடு நெருங்கிப் பழகியவர்களில் கர்ப்பிணி, முதியவர், ஏற்கெனவே நோயுள்ளவர் யார் யார் என்று கேட்டு, அவர்களை உடனே கவனிக்க வேண்டும். இந்தக் காய்ச்சலுக்கு மாத்திரை இருக்கிறது. ஆனால் சீக்கிரம் போட்டால்தான் அதற்கு மரியாதை.

ஒருநாள் மதியம் அடையாறு பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஒரு பரிசோதனை முடிவு வந்தது. இளைஞன், அசோக் நகர் விலாசம். கார்த்திக் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கதையில் எல்லாப் பெயரையும் மாற்றியிருக்கிறேன், குற்றம் சொல்லாதீர்கள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சுகாதார ஆய்வாளர் செல்வத்தைக் கூட்டிக்கொண்டு நேரில் போனேன். வாசலில் வாழைமரம். பட்டப்பகலில் சீரியல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீடு பூட்டியிருந்தது.

“அல்லாரும் மண்டபத்துக்குப் பூட்டாங்க மேடம்” என்றார் காவலாளி. “நம்ம கார்த்திக் தம்பிக்குத்தான் கல்யாணம். இன்னிக்கி ரிசப்ஷன், நாளிக்கிக் காலைல முகூர்த்தம்.”

“தம்பி நல்லா இருக்காரா?”

“சூப்பரா கீறாரு. கண்ணெல்லாம் செவந்து, கல்யாணக் களை சொட்டுது.”

செல்வம் என்னைப் பார்த்தார். நான் செல்வத்தைப் பார்த்தேன்.

மண்டபம் ராஜா அண்ணாமலைபுரத்தில். வாசலில் பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள், கற்கண்டு கொடுத்தார்கள். பட்டுப்புடவை கட்டிய ஒரு மாமி, “பொண்ணாத்துக்காராளா, பிள்ளையாத்துக்காராளா?” என்று கேட்டார்.

“பொது” என்றார் செல்வம்.

மாமி திருப்தியாகத் தலையாட்டி எங்களைச் சாப்பாட்டுப் பக்கம் தள்ளிவிட்டார். செல்வம் ஒரு டம்ளர் பாதாம் பால் வாங்கிக்கொண்டார். சந்தேகம் வராமல் இருக்க என்று சொன்னார்.

மாப்பிள்ளை அறை மாடியில். ஏசி முழு வேகத்தில் ஓடியும் கார்த்திக்கின் நெற்றியில் வியர்வை. ஒப்பனைக்காரர் பவுடர் போடப் போட அது வழிந்துகொண்டு வந்தது. பக்கத்தில் அவனுடைய அம்மா, கையில் பாராசிட்டமால் அட்டையோடு. ஒப்பனைக்காரரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் யார் என்று சொன்னேன்.

“நெகட்டிவ்தானே?” என்றார் அம்மா.

“நெகட்டிவா இருந்தா நாங்க இவ்வளவு தூரம் தேடிட்டு வர மாட்டோம்மா.”

“ஜுரமெல்லாம் விட்டுடுத்து. தொட்டுப் பாருங்கோ, ஜில்லுன்னு இருக்கான்.”

தொட்டுப் பார்த்தேன். அதில் தோசை வார்க்கலாம்.

அம்மா குரலைத் தணித்துக்கொண்டார். “டாக்டர், பொண்ணாத்துல தெரிஞ்சா என்ன நினைப்பா? சீக்காளியைத் தலையில கட்டப் பாத்தான்னு ஜன்மத்துக்கும் சொல்லிக் காமிப்பா. டெஸ்ட்டே எடுக்க வேண்டாம்னு தலபாடா அடிச்சுண்டேன். இவன் கேட்டாத்தானே?”

“ஏன் எடுத்தீங்க?” என்று அவனைக் கேட்டேன்.

அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். “வைஷ்ணவியோட அக்கா ஏழு மாசம் மேடம். ரிசப்ஷன் முழுக்க மேடையில பக்கத்துல அவங்கதான் நிக்கப்போறாங்க. ஆபீஸ்ல ரெண்டு பேருக்கு ஃப்ளூன்னு கேள்விப்பட்டேன். பயமா இருந்தது. எடுத்துட்டேன். அப்புறம் ரிசல்ட்டைப் பாக்கவும் பயமா இருந்தது. போனை ஆஃப் பண்ணிட்டேன்.”

வராந்தாவுக்கு வந்து என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன்.

“கல்யாணத்தை நிறுத்திடாதீங்க. நிறுத்தினா டிவியில வரும்” என்றார்.

“சரி சார்.”

“ஆனா பரவவும் கூடாது. பரவினாலும் டிவியில வரும்.”

“அப்ப என்ன பண்ணட்டும் சார்?”

“நீங்க அனுபவசாலி, டாக்டர்” என்றார். லைன் போய்விட்டது.

இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மேலதிகாரி உங்களை அனுபவசாலி என்று சொன்னால், அவர் போனை வைக்கப்போகிறார் என்று அர்த்தம்.

வராந்தாவிலிருந்து கீழே கூடம் தெரிந்தது. பூ அலங்காரத்தைச் சரிசெய்துகொண்டு ஒரு கர்ப்பிணிப் பெண் நின்றிருந்தாள். இடுப்பில் ஒரு கை, மறு கையில் ரோஜாச் சரம். அவள்தான் அக்கா ரம்யா. கர்ப்பிணியின் நெஞ்சுக்குள் இந்தக் காய்ச்சல் இறங்கினால் என்ன ஆகும் என்று நான் முன்பு ஒருமுறை ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதை மட்டும் விளையாட்டாகச் சொல்ல எனக்கு வராது.

கீழே போய் மைக்கைப் பிடித்து விஷயத்தைச் சொல்லிவிடலாம். ஊரைக் காப்பாற்றிய மாதிரி இருக்கும். ஆனால் அவன் உடம்பைப் பற்றி ஊருக்குச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. உரிமை இருந்தாலும் என்ன நடக்கும்? அந்த சீசனில் சென்னையில் எத்தனையோ மாப்பிள்ளைகள் ஜுரத்தோடு மேடையேறியிருப்பார்கள். பயந்துபோய்ப் பரிசோதனை செய்துகொண்டவன் இவன் ஒருவன்தான். இவனைக் கூட்டத்தின் நடுவே அசிங்கப்படுத்தினால், அடுத்தவன் ஆஸ்பத்திரிப் பக்கமே போக மாட்டான். அதற்கடுத்த ரம்யாவை நான் எப்படித் தேடிப் பிடிப்பேன்?

சரி, ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போகலாமா? முடியாது. அவள் ரோஜாச் சரத்தோடு அங்கேதான் நிற்கிறாள்.

உள்ளே போனேன். “தள்ளிப்போட முடியுமா?” என்று கடமைக்கு ஒருமுறை கேட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே வர்ணிக்கப் போவதில்லை. முதல் மாத்திரையை அங்கேயே அவனைப் போட வைத்தேன். பிறகு சொன்னேன்.

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், கார்த்திக். சொல்லவும் கூடாது. ஆனா நீங்க சொல்லணும். வைஷ்ணவிகிட்ட. இப்பவே.”

“அவ வேண்டாம்னுட்டா?”

“சொல்லட்டுமே. தெரிஞ்சுதானே சொல்றாங்க.”

அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கார்த்திக் மட்டும் எழுந்து நின்றான். “கூப்பிடுங்க” என்றான்.

வைஷ்ணவி வந்தாள். பள்ளியில் கணக்கு டீச்சர். பாவாடை சரசரக்க, தலை நிறையப் பூவோடு வாசற்படியில் நின்றாள். உள்ளே வர வேண்டாம் என்று நான் கை காட்டினேன். கார்த்திக் சுற்றி வளைக்கவில்லை. ஜுரம், பரிசோதனை, முடிவு என்று வரிசையாகச் சொல்லிவிட்டான்.

“எப்போலேர்ந்து?” என்றாள்.

“நேத்து சாயந்திரம்.”

“நேத்து அதுக்கப்புறம் எங்கூட அவ்ளோ நேரம் போன்ல பேசினியே.”

“நீ சந்தோஷமா இருந்தே.”

கீழே நாதஸ்வரக்காரர் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ தடவை எத்தனையோ பேருக்குக் கெட்ட செய்தி சொல்லியிருக்கிறேன், இப்படிப் பக்கத்தில் நின்று காத்திருந்ததில்லை.

“ரம்யாவை நினைச்சா டெஸ்ட் எடுத்தே?” என்றாள்.

“ஆமாம்.”

அவள் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “டாக்டர், என்ன பண்ணணும், சொல்லுங்கோ. அழறதுன்னா அப்புறமா அழுதுக்கறேன். இப்போ மேக்கப் கலைஞ்சுடும்.”

“முதல்ல உங்களைப் பத்திப் பேசணும். உங்களுக்கும் வரலாம்.”

“எனக்கு ஏற்கெனவே வந்திருக்கும் டாக்டர். முந்தாநாள் பாண்டி பஜார்ல ரெண்டு பேரும் ஒரே ஸ்ட்ராவுலதான் ஜூஸ் குடிச்சோம்.”

“ஒரே ஸ்ட்ராவா?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. மகனுக்கு வைரஸ் என்று கேட்டபோதுகூட அவர் முகம் அப்படி மாறவில்லை.

நான் தேவையைச் சொன்னேன். அவன் பக்கத்தில் யாரும் வரக் கூடாது. கை குலுக்கக் கூடாது. ரம்யா மேடைப் பக்கமே வரக் கூடாது. காற்று ஓட வேண்டும். முகூர்த்தத்தில் சுற்றி நிற்கிறவர்கள் மிகக் குறைவாக இருக்க வேண்டும். காரணம் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றால், அதற்கு ஒரு வழி வேண்டும்.

“அப்பா சொன்னா யாரும் கேக்க மாட்டா” என்றாள் வைஷ்ணவி யோசித்தபடி. “சாஸ்திரிகள் சொன்னாலும் கேக்க மாட்டா. கல்யாண மண்டபத்துல எல்லாரும் ஒருத்தர் பேச்சைத்தான் கேப்பா.”

“யாரு?”

“வீடியோக்காரர்.”

எனக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிஷமே எங்கள் துறைக்கு எடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வீடியோக்காரர் பெயர் பாபு. தி.நகரில் ஸ்டூடியோ. கழுத்தில் இரண்டு கேமரா, இடுப்பில் பெல்ட்டு பெல்ட்டாக ஏதேதோ. மேடையில் யாரும் ஏறாமல் ரிசப்ஷன் எடுக்க வேண்டும் என்று வைஷ்ணவி சொன்னாள். காரணம் சொல்ல முடியாது என்று நான் சொன்னேன்.

“காரணம் இன்னாத்துக்கு மேடம்?” என்றார் பாபு. “இந்தத் தொழிலுக்கு வந்த நாள்லேர்ந்து எனுக்கு இதான் ஆசை. எவனும் ஸ்டேஜ்ல ஏறாம ஒரு ரிசப்ஷன். ஏறிகினு எறங்கிகினு, மாப்ள தோள்ல கைய போட்டுகினு, ஒரு ஃப்ரேம் உருப்படியா கெடைக்காது. என்கிட்ட உட்டுருங்க.”

விட்டுவிட்டோம். அன்று சாயங்காலம் பாபு செய்ததை எந்த அரசாணையாலும் செய்திருக்க முடியாது. மேடைப் படிக்கட்டில் குறுக்கே ஒரு விளக்கை நிறுத்தினார். மைக்கைப் பிடித்தார். “சினிமாட்டிக் ஷூட் போய்கினு இருக்கு. யாரும் மேல வரக்கூடாது. கீழ மார்க் போட்ட எடத்துல நின்னு கையாட்டுங்க. உங்க மூஞ்சி தனியா க்ளோசப்ல வரும்.”

க்ளோசப் என்றதும் கூட்டம் தானாக வரிசை பிடித்தது. கொரோனா நேரத்தில் நாங்கள் வட்டம் வட்டமாகச் சுண்ணாம்பு போட்டு, விசில் ஊதி, கெஞ்சியும் நிற்காத ஜனங்கள், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு அந்தந்த இடத்தில் சிலைபோல் நின்றார்கள். காற்றுக்காகப் பக்கத்துக் கதவுகளையெல்லாம் திறந்து வைத்தார் செல்வம். யாராவது கேட்டால் “லைட்டிங்” என்றார்.

பெண்ணின் அப்பா கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “இது என்ன புதுப் பழக்கம்?” என்று கேட்டுக்கொண்டே அங்குமிங்கும் நடந்தார். ஆனால் பாபு, “சார், ஃப்ரேம்” என்றதும் அவரும் நகர்ந்துகொண்டார்.

டெல்லியிலிருந்து வந்த பெரியப்பா மட்டும் அடங்கவில்லை. பெரிய பதவியில் இருந்தவராம். கையில் பரிசுப் பெட்டியோடு விளக்கைத் தாண்டிப் படியில் கால் வைத்துவிட்டார்.

“சார், எறங்குங்க” என்றார் பாபு.

“நான் யார் தெரியுமா?”

“தெரியும் சார். அதான் உங்கள ஸ்லோ மோஷன்ல எடுக்கலாம்னு கீறேன். அந்தக் கடைசிலேர்ந்து நடந்து வாங்க.”

பெரியப்பா மண்டபத்தின் கடைசிக்குப் போய் நடந்து வந்தார். சரியாக வரவில்லை என்று பாபு திரும்ப அனுப்பினார். மறுபடியும் வந்தார். நடுவில் ஒருதரம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வரட்டுமா என்று அவரே கேட்டார்.

உற்சாகம் தலைக்கேறிய பாபு, யாரும் சொல்லாமலே புகை மெஷினைப் போட்டுவிட்டார். மேடை முழுக்க வெள்ளைப் புகை. அதற்குள்ளிருந்து மாப்பிள்ளை இருமத் தொடங்கினான். நிற்கவே இல்லை, உடம்பே மடங்குகிற இருமல். இத்தனை பேர் முன்னால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

“பாவம், புகை ஒத்துக்கலை” என்றார் எனக்குப் பக்கத்தில் இருந்த மாமி. “இந்த வீடியோக்காராளால மாப்பிள்ளைக்கு மூச்சு முட்றது பாருங்கோ.”

வைஷ்ணவி கைக்குட்டையை அவன் மூக்கில் கட்டிவிட்டாள். கூட்டம் கைதட்டியது. பாபு அதையும் க்ளோசப்பில் எடுத்தார்.

ரம்யா இதில் எதிலும் இல்லை. மாடியில் தனி அறையில் டிவி மானிட்டர் முன்னால், எந்தப் படம் நன்றாக இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல அவளை உட்கார வைத்திருந்தாள் தங்கை. கால் வீங்கியிருந்த ரம்யாவுக்கு அதில் சந்தோஷம். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் டாக்டர் என்றும், ஊரில் காய்ச்சல் சுற்றுகிறது, கர்ப்பிணிகள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். எல்லாமே உண்மை. உடம்பு லேசாகச் சுட்டாலும், வலித்தாலும், காத்திருக்காமல் அன்றைக்கே கூப்பிட வேண்டும் என்று என் நம்பரைக் கொடுத்தேன்.

“சாதாரண ஜுரத்துக்கெல்லாமா?” என்றாள்.

“சாதாரணமா இல்லையான்னு நான் பாத்துக்கறேன். நீங்க கூப்பிடுங்க, போதும்.”

மறுநாள் முகூர்த்தம் நடந்தது. ஓமப் புகை மாப்பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்று முந்தின நாளே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டதால், அவன் மாஸ்க் போட்டதை யாரும் கேட்கவில்லை. மேடையில் தேவையானவர்கள் மட்டும் இருந்தார்கள். மற்றவர்களை பாபு பார்த்துக்கொண்டார்.

இங்கே நான் நிறுத்திவிட்டால் என்னை நீங்கள் மெச்சிக்கொள்வீர்கள். அதனால் மேலே சொல்கிறேன். கல்யாணம் முடிந்து சில நாளில், ஒரு மதியம் ரம்யா கூப்பிட்டாள். உடம்பு வலி, ஜுரம். அவளுக்கும் வந்துவிட்டது. மாப்பிள்ளையிடமிருந்தா, தங்கையிடமிருந்தா, டெல்லிப் பெரியப்பாவிடமிருந்தா என்று கடைசிவரை தெரியவில்லை. நாங்கள் போட்ட நாடகம் அவளைக் காப்பாற்றியது என்று என்னால் சொல்ல முடியாது. காத்திருக்காமல் கூப்பிட்டாளே, அது காப்பாற்றியது. அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்து, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். அந்த இரண்டு இரவும் நான் சரியாகத் தூங்கவில்லை. மூச்சு சீராகவே இருந்தது. வயிற்றில் குழந்தை உதைத்துக்கொண்டே இருந்தது. நல்லபடியாக வீட்டுக்கு வந்தாள்.

வைஷ்ணவிக்கும் ஜுரம் வந்தது. புது மணமக்கள் இருவரையும் அசோக் நகர் வீட்டில் ஓர் அறையில் தனியாக இருக்கச் சொன்னேன். மாமியார் சாப்பாட்டை வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டுப் போய்விடுவாராம். உறவுக்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையாம். “எங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் காசு செலவழிச்சு மாலத்தீவு போனா டாக்டர், இவ்வளவு தனிமை அவாளுக்குக் கிடைக்கலை” என்று போனில் சொன்னாள், இருமிக்கொண்டே.

ரம்யா வீடு திரும்பிய மறுநாள், பெண்ணின் அப்பா என் அலுவலகத்துக்கு வந்தார். வைஷ்ணவி எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள்.

“நீங்கதான் அந்த டாக்டரா?”

“ஆமாம் சார். உட்காருங்க.”

“உட்கார வரலை. என் பொண்ணு கல்யாணத்துல, என் கண்ணெதிர்க்க நாடகம் ஆடியிருக்கேள். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. நான் அப்பா.”

“பொண்ணுக்கு அப்பா சார். நோயாளி மாப்பிள்ளை.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்.”

“தெரியும் சார்.”

“நிறுத்தியிருந்தா தப்பா?”

“தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அன்னிக்கு அந்த மண்டபத்துல ரம்யாவுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு முதல்ல பயந்தது நீங்க இல்ல, நான் இல்ல. அந்தப் பையன்தான்.”

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். திரும்பி வாசலைப் பார்த்தார். செல்வம் நின்றிருப்பதைக் கண்டு குரலை இறக்கினார்.

“ஒண்ணு கேக்கணும். நேத்திலேர்ந்து எனக்கும் உடம்பெல்லாம் ஒரே வலி. ராத்திரி குளிர் தூக்கிப் போட்டுது. ஆத்துல யாருக்கும் தெரியாது. இன்னிக்கு சாயந்திரம் சபால ஒரு விழாவுக்கு நான்தான் தலைமை. பெரிசா ஒண்ணும் இருக்காதுதானே?”

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இழுப்பறையைத் திறந்து ஒரு மாஸ்க்கை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். “ரம்யா எங்க இருக்காங்க சார்?”

“எங்காத்துலதான். இப்போதானே டிஸ்சார்ஜ் ஆனா.” சொல்லும்போதே அவர் முகம் மாறிவிட்டது. மாஸ்க்கை எடுத்துப் போட்டுக்கொண்டார். தலைகீழாகப் போட்டார், செல்வம் வந்து திருப்பி மாட்டிவிட்டார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

“நான்தான் பேசறேன்” என்றார் மனைவியிடம். “ஒரு விஷயம். கத்தாமக் கேளு. எனக்கு ஜுரம்.”

அதற்கு மேல் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். செல்வம் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமியின் குரல் எனக்கும் தெளிவாகவே கேட்டது. ஆனால் அவர் என்ன சொன்னார் என்பது நோயாளியின் அந்தரங்கம். அதை நான் வெளியே சொல்லக் கூடாது.